ஃபிரண்ட் வீல் டிரைவ் கார் வளைய மறுக்கிறதா? பின்பக்கத்தில் கை வையுங்கள்

கேள்வி இதுதான்: ரேசிங் கேமில் ஒரு ஃபிரண்ட் வீல் டிரைவ் காரை (இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும் சுழற்றும் கார்) எடுத்து, இன்ஜின் பவரைக் கூட்டி, நல்ல டயரும் போட்டாகிவிட்டது. ஆனாலும் வளைவுக்குள் போனால் காரின் மூக்கு வெளிப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. வளைவை விட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் புகை கக்கிச் சுற்றுகிறது. டியூனிங்கில் எதை மாற்றினால் இது சரியாகும்?

பிரச்சினை முன்னால் தெரிகிறது, அதனால் எல்லோரும் முன்பக்கத்தையே நோண்டுகிறார்கள். மருந்தில் பாதிக்கு மேல் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லா ஸ்லைடர்களும் தானாகப் புரிய ஆரம்பிக்கும். அதனால் எண்களை அடுக்குவதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால்தான். மொத்த எடையில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு டயர்கள்தான் காரைத் திருப்ப வேண்டும், இழுக்க வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். பின் டயர்களோ பெரும்பாலான நேரம் சும்மா உருண்டு வருகின்றன. ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் ஒரே பையில் இருக்கும் காசு மாதிரி. இழுப்பதற்குச் செலவழித்தால் திருப்புவதற்கு மிச்சம் குறையும்.

எவ்வளவு குறையும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ கார், அதில் 62 சதவீதம் முன்னால், அதாவது 744 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம்) 2.6 மீட்டர், டயரின் உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வளைந்தால், முன் டயர்கள் தங்கள் முழுப் பிடிமானத்தையும் திருப்புவதற்கே தரலாம். பக்கவாட்டில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவு) வரை கிடைக்கும். இப்போது 0.2 ஜி அளவுக்கு முடுக்குகிறோம். எடையில் 46 கிலோ பின்னால் நகர்ந்துவிடும், முன்னால் 698 கிலோதான் மிச்சம். அதில் 240 கிலோ விசை இழுவைக்குப் போகிறது. உராய்வு வட்டத்தின்படி, அதாவது 698-ன் வர்க்கத்திலிருந்து 240-ன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், திருப்புவதற்கு மிஞ்சுவது சுமார் 655. அதை 744 ஆல் வகுத்தால் 0.88 ஜி. பரவாயில்லை, 12 சதவீத இழப்புதான். இன்னும் அழுத்தி 0.4 ஜி ஆக்குகிறோம். 92 கிலோ பின்னால் போய்விடுகிறது, இழுவைக்கு 480 செலவாகிறது, மிச்சம் சுமார் 441. பக்கவாட்டில் கிடைப்பது 0.59 ஜி மட்டும். முடுக்கத்தை இரண்டு மடங்காக்கினோம், இழப்பு மூன்று மடங்குக்கும் மேல் எகிறிவிட்டது.

இது எளிமையாக்கிய கணக்கு. உண்மையான டயர் இன்னும் சிக்கலானது. ஆனால் நீங்கள் கேமில் பார்ப்பது இதைத்தான். பாதி ஆக்சிலரேட்டரில் கார் ஒழுங்காக வளைகிறது, கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதும் மூக்கு திடீரென்று விட்டுவிடுகிறது. இன்ஜின் பவரைக் கூட்டுவது முதல் வேலையாக இருக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். காரின் திறனுக்குக் கேம் தரும் பாயின்டுக்குக் கட்டுப்பாடு உள்ள பந்தயமென்றால், முதலில் எடையைக் குறையுங்கள், அடுத்து டயர், அதற்கடுத்து சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியலும் (இடது, வலது சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துத் தரும் பாகம்). மிஞ்சியதை இன்ஜினுக்குக் கொடுங்கள். ஃபோர்ஸா கேமில் முன், பின் டயர் அகலத்தைத் தனித்தனியாகக் கூட்ட முடியும். முன்னால் மட்டும் அகல டயர் போட்டு, பின்னால் பழையதையே விட்டுவிடுங்கள். செலவழித்த ஒவ்வொரு பாயின்டும் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ச் சேரும்.

இனி ஆன்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி. இந்த வகைக் காரில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைக் காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவேயுள்ள அகலம், வளைவின் வேகம் ஆகியவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பாரை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அந்த மொத்தம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை. எந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும்.

இதில் டயரின் ஒரு குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டயர் மேல் சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் ஒரு ஜோடி டயர்களில் ஒன்றுக்கு அதிகச் சுமை, மற்றதுக்குக் குறைவு என்று பிரிந்தால் அந்த ஜோடியின் மொத்தப் பிடிமானம் குறைந்துவிடும். சமமாகச் சுமந்தால் கூடும். பின் பாரை இறுக்கி முன் பாரைத் தளர்த்தினால் என்ன நடக்கும்? ஏற்றத்தாழ்வு முழுவதும் பின் ஜோடிக்குப் போய்விடும். முன் ஜோடி ஓரளவு சமமாகச் சுமக்கும். மூக்கு பிடிக்கும், பின்பக்கம் கொஞ்சம் வழுக்கிச் சுற்றிக் கொடுக்கும். அதோடு இன்னொரு லாபமும் உண்டு: முன் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை நிற்பதால், வெளியேறும்போது அது சும்மா சுற்றுவதும் குறையும். ஒரே மாற்றத்தில் இரண்டு நோய்க்கும் மருந்து.

ஃபோர்ஸா ஹொரைசனில் பாரின் அளவு 1 முதல் 65 வரை போகும். நான் முன்னால் 10 அளவில், பின்னால் 45 அளவில் வைத்துத் தொடங்குவேன். கிரான் டூரிஸ்மோ 7 கேமில் 1 முதல் 10 வரை; அதில் முன்னால் 2 அல்லது 3, பின்னால் 7 அல்லது 8. இவை நான் தொடங்கும் இடங்கள் மட்டும்தான். காருக்குக் கார் மாறும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. நிஜப் பந்தயங்களில் இந்த வகைக் கார்கள் வளைவில் பின் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது என்றால், பின் ஜோடி எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் பின் பாரை எவ்வளவு இறுக்கினாலும் பலன் இல்லை. கூடுதலாக மாறும் எடை முன்பக்கத்துக்கே திரும்பி வரும். ரீப்ளேயில் பின்பக்கக் கேமராவை வைத்துப் பாருங்கள். சக்கரம் லேசாகத் தூக்குகிறது என்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வளைவு முழுவதும் காற்றில் தொங்குகிறது என்றால் பாரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மிச்சத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

ஸ்பிரிங்குக்கும் இதே தர்க்கம்தான். பின்னால் எடை குறைவு என்பதால் பல கேம்கள் இயல்பாகவே பின் ஸ்பிரிங்கை மிருதுவாக வைத்திருக்கும். அந்த இடைவெளியைக் குறையுங்கள். சில கார்களில் பின் ஸ்பிரிங் முன்னதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ வந்தாலும் நன்றாகவே ஓடும். காரின் உயரத்தைக் கெர்பில் (டிராக் ஓரத்துத் திட்டு) அடி தட்டாத அளவுக்கு இறக்குங்கள். மேலே போட்ட கணக்கில் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் என்று வைத்தோம் அல்லவா? அது இறங்கினால், முடுக்கும்போது முன்னாலிருந்து பின்னால் ஓடும் எடையும் குறையும். பின் சக்கர இயக்கக் காருக்கு அந்த எடை மாற்றம் உதவி. நமக்கோ அது நஷ்டம், எனவே எவ்வளவு குறைத்தாலும் லாபமே. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது எடை மாற்றத்தின் அளவைத் தொடாது, எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதை மட்டும்தான் மாற்றும். ஸ்பிரிங்கை ஏற்றியதற்கு ஏற்ப அதையும் ஏற்றுங்கள், கெர்ப் மேல் கார் துள்ளினால் இறக்குங்கள்.

டிஃபரன்ஷியல்தான் அடுத்த பெரிய விஷயம். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு டார்க்கைத்தான் (சுழற்றும் விசை) தரும். உள்பக்கச் சக்கரம் பிடிமானமில்லாமல் சுற்ற ஆரம்பித்தால், வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அந்தக் குறைந்த அளவுதான் கிடைக்கும். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போட்டால் கூடுதல் டார்க் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். வெளிச்சக்கரம் அதிகமாக இழுத்தால் காரின் மூக்கு உள்பக்கமாகத் திரும்பும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கார் வளைவுக்குள்ளேயே இழுக்கப்படுவதை நீங்கள் கையில் உணரலாம். 1995-ல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரைத் தொழிற்சாலையிலிருந்தே ஹெலிகல் வகை எல்எஸ்டியோடு கொடுத்தார்கள். அந்தக் கார் அவ்வளவு புகழ் பெற்றதில் 200 குதிரைத்திறன் இன்ஜினுக்கு உள்ள பங்கு இதற்கும் உண்டு.

ஆனால் இதிலும் அளவு மீறக் கூடாது. ஃபோர்ஸாவில் ஆக்சிலரேஷன் பூட்டை (முடுக்கும்போது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிணைக்கும் அளவு) 80, 90 சதவீதத்துக்கு ஏற்றினால் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலப் பார்க்கும். வளைவில் அவை வெவ்வேறு தூரம் ஓட வேண்டியவை. கார் நேராகப் போகவே அடம்பிடிக்கும். 35 முதல் 50 வரை முயன்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை விடும்போதான பூட்டான டிசெலரேஷனை 0 முதல் 10-க்குள் வையுங்கள், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் கார் திரும்ப மறுக்கும். கிரான் டூரிஸ்மோ 7-ல் மூன்று எண்கள் இருக்கும். இனிஷியல் டார்க்கும் பிரேக்கிங் சென்சிட்டிவிட்டியும் அடிமட்டமான 5-க்குப் பக்கத்தில், ஆக்சிலரேஷன் சென்சிட்டிவிட்டி 25 முதல் 35 வரை. எதைக் கூட்டுவது, குறைப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். வளைவிலிருந்து வெளியேறும்போது ஒரே ஒரு சக்கரம் சுற்றினால் பூட்டு போதவில்லை. இரண்டும் சேர்ந்து சுற்றி மூக்கு அகலமாகப் போனால் பூட்டு அதிகம், அல்லது உங்கள் கால் அவசரப்படுகிறது.

கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) விஷயத்தில் ஊகம் வேண்டாம், டெலிமெட்ரியை, அதாவது ஓடும்போது கேம் காட்டும் அளவீடுகளைப் பாருங்கள். டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று வெப்பநிலைகள் காட்டும் கேமாக இருந்தால், நீண்ட வளைவின் நடுவில் வெளிப்பக்க முன் டயரைக் கவனியுங்கள். வெளி ஓரம் அதிகம் சூடானால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாய்வது) போதவில்லை. பெரும்பாலும் மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரிக்குள் ஓர் இடத்தில் அது அமையும். ரொம்பவும் கூட்டினால் பிரேக்கிங்கும் நேர்க்கோட்டு இழுவையும் அடிபடும். இந்தக் காரில் இரண்டையும் செய்வது அதே டயர்தான் என்பதால் மற்ற கார்களைவிட இங்கே நஷ்டம் அதிகம். காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) தாராளமாக ஏற்றலாம். அது திருப்பும்போது மட்டும் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் கேம்பர் தருகிறது, நேராகப் போகும்போது எதையும் கெடுப்பதில்லை. பின் சக்கரங்களுக்கு 0.1 அல்லது 0.2 டிகிரி டோ அவுட் (சக்கரத்தின் முன் ஓரம் வெளிப்பக்கம் திரும்புவது) கொடுத்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்திலேயே பின்பக்கம் வழிவிடும். சக்திவாய்ந்த மருந்து அது. வேகமான வளைவுகள் நிறைந்த டிராக்கில், கன்ட்ரோலரை வைத்து ஆடுபவர்கள் அதை எட்டியே வைத்திருப்பது நல்லது. டயர் அழுத்தத்தில் பின்னால் கொஞ்சம் கூடுதலாக வைப்பதும் அதே திசையில் உதவும், ஆனால் சின்ன உதவிதான்.

பிரேக் பேலன்ஸைப் பலர் தொடுவதே இல்லை. மேலே சொன்ன காரையே 1 ஜி-யில் நிறுத்துங்கள். 231 கிலோ முன்னால் பாய்ந்து, முன் டயர்கள் மேல் 975 கிலோ, பின்னால் வெறும் 225 என்றாகிவிடும். நேராக நிற்க முன் பிரேக்தான் வேலை செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் வளைவுக்குள் பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே நுழையும்போது, சமநிலையைச் சற்றுப் பின்னால் தள்ளியிருந்தால் பின்பக்கம் லேசாக மிதந்து காரைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு மூன்று புள்ளிகள் பின்னால் நகர்த்திப் பாருங்கள். நேர்க்கோட்டில் பிரேக் பிடிக்கும்போதே வால் ஆடினால் ஒரு புள்ளி திரும்பி வாருங்கள்.

இறக்கை பொருத்த முடிகிற காராக இருந்தால் ஒரு நல்ல வழி இருக்கிறது. இதுவரை செய்தவை எல்லாம் பின்பக்கத்தைத் தளர்த்தியவை. மெதுவான வளைவுக்கு அது வரம், 180 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கும் வளைவில் அதே தளர்ச்சி வயிற்றைக் கலக்கும். பின் இறக்கையின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஹேர்பின்னில் (யு வடிவ மெதுவான வளைவு) அது கிட்டத்தட்ட இல்லை, வேகமான வளைவில் முழுசாக இருக்கிறது. எனவே மெதுவான வளைவுகளுக்காகப் பாரையும் ஸ்பிரிங்கையும் வைத்துப் பின்பக்கத்தைத் தளர்த்துங்கள், வேகமான வளைவுகளுக்காக இறக்கையை வைத்து அதைப் பிடித்து நிறுத்துங்கள். எனக்கு மிகவும் பிடித்த செட்டப் வேலை இது. இரண்டும் பொருந்தி வரும் லேப்பில் கார் வேறு பிறவி எடுத்த மாதிரி இருக்கும்.

சரி, இப்போது ஓட்டுவது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன டியூனிங் பாதிதான் பலிக்கும்.

கிரான் டூரிஸ்மோ 7-ல் இருக்கும் ட்சுகுபா டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்ன டிராக், ஹேர்பின்கள் நிறைந்தது. இந்த வகைக் காரைப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஹேர்பின் நெருங்குகிறது. நேராக இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி, இரண்டாம் கியருக்கு இறங்குங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆரம்பிக்கும்போது பிரேக்கை முழுசாக விட்டுவிடாதீர்கள், கால்வாசி அளவு பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். மூக்கின் மேல் எடை நிற்கிறது, வால் லேசாகச் சுற்றுகிறது. இப்போது பிரேக்கும் இல்லாமல் ஆக்சிலரேட்டரும் இல்லாமல் ஒரு கணம் காத்திருங்கள். அந்த ஒரு கணம்தான் எல்லோரும் தவறவிடுவது. மூக்கு வெளியேறும் திசையைப் பார்த்த பிறகுதான் ஆக்சிலரேட்டர், அதுவும் ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்க ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முன்னால் பார்த்த 0.88-க்கும் 0.59-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த இடத்தில்தான் உங்கள் விரலில் இருக்கிறது.

மூக்கு வெளியே போனால் இன்னும் திருப்பாதீர்கள். ஏற்கெனவே வழுக்கும் டயரை மேலும் திருப்பினால் அது மேலும் தேயும், அவ்வளவுதான். கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் பிடிமானம் திரும்பி வரும்.

வால் வெளியே போனால் நேர்மாறு. கால் தானாக ஆக்சிலரேட்டரை விடப் பார்க்கும். விடவே கூடாது. விட்டால் எடை இன்னும் முன்னால் பாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, கார் முழுசாகச் சுற்றிவிடும். எண்பதுகளின் பூஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்கே பேர்போன கார். ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய திசைக்குக் காட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். முன் சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கிவிடும். பின்பக்கத்தைத் தளர்த்திய காரைத் தைரியமாக ஓட்ட இந்த ஒரு பழக்கம் போதும்.

பெடல் வைத்து ஆடுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே இடது காலால் பிரேக்கைத் தொடுவது. முன்னால் இன்ஜினின் இழுவை பிரேக்கை ஓரளவு ஈடுகட்டிவிடும், பின் சக்கரங்கள் மட்டும் தனியாகப் பிரேக் பிடிக்கும், வால் சுற்றும். அறுபதுகளில் சாப், மினி கார்களை ஓட்டிய பின்லாந்து ராலி ஓட்டுநர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 1965-ல் டிமோ மாக்கினனும் 1967-ல் ரவுனோ ஆல்டோனனும் மான்டி கார்லோ ராலியை வென்றது அந்தச் சின்ன மினியில்தான். முன் சக்கர இயக்கம் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய டிசிஆர் என்ற டூரிங் கார் பந்தயங்களில் ஓடுபவை முழுக்க முழுக்க ஃபிரண்ட் வீல் டிரைவ் கார்கள்தான்.

கியர் விகிதத்தில் ஒன்று மட்டும்: இரண்டாம் கியரைச் சற்று நீளமாக்குங்கள், அதாவது அதன் விகித எண்ணைக் குறையுங்கள். ஹேர்பின்னிலிருந்து வெளியேறும்போது சக்கரத்துக்குப் போகும் டார்க் குறையும், சுழற்சி அடங்கும். சக்கரச் சுழற்சியைத் தானாக அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை நம்பி ஓட்டுவதைவிட இது வேகம்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து லேப் ஓட்டுங்கள். நான் ஆரம்பத்தில் பாரையும் டிஃபரன்ஷியலையும் கேம்பரையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது உதவியது எது கெடுத்தது என்று தெரியாமல் பல மாலைகளை இழந்திருக்கிறேன். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பார், பிறகு டிஃபரன்ஷியல், அப்புறம் பிரேக் பேலன்ஸ், கடைசியில் கேம்பரும் டோவும்.

நீண்ட பந்தயத்தில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும், பின் டயர்கள் புதுசு மாதிரியே இருக்கும். அதனால் முதல் லேப்பில் கொஞ்சம் துள்ளலாக இருக்கும் செட்டப்தான் பத்தாவது லேப்பில் சரியாக இருக்கும். முதல் லேப்பிலேயே கச்சிதமாக இருந்தால் பத்தாவதில் மூக்கு போய்விடும். டயர் தேய்மானம் உள்ள பந்தயத்துக்கு டியூன் செய்யும்போது பாதி தேய்ந்த டயரோடு சோதியுங்கள்.

மழை வந்தால் பின் பாரை இரண்டு மூன்று படி தளர்த்துங்கள், பின் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், பிரேக் பேலன்ஸை ஒரு புள்ளி முன்னால் நகர்த்துங்கள். டிஃபரன்ஷியலின் ஆக்சிலரேஷன் பூட்டையும் ஐந்து பத்து புள்ளி குறைத்துவிட்டால், ஈரத் தரையில் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடியை விடுவது அடங்கும்.